கடற்கரை வீட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி: அவசரகாலத்தில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

புயல் நெருங்கும்போது நம் பகுதியில் முதலில் நின்றுபோவது மின்சாரம். பேட்டரியும் டீசலும் இருக்கும் வரை கைபேசிக் கோபுரங்கள் தாக்குப்பிடிக்கும். அவையும் ஓய்ந்த பிறகு, கரையில் இருப்பவருக்குக் கடலில் என்ன நடக்கிறது என்பது மட்டுமல்ல, அடுத்த ஊரில் என்ன நடக்கிறது என்பதும் தெரியாமல் போகிறது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் வந்த புரெவி புயல் திரிகோணமலை அருகே கரையேறி, இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் புகுந்து, ராமநாதபுரம் கரைக்கு அருகிலேயே பல மணி நேரம் நகராமல் நின்று வலுவிழந்தது. வேகமாகக் கடந்துபோகும் புயலைக் காட்டிலும் இவ்வாறு நின்றுவிடும் புயலில்தான் செய்தியின் தேவை அதிகம். முகாமிலிருந்து எப்போது வீடு திரும்பலாம், கட்டிப்போட்ட படகை எப்போது அவிழ்க்கலாம் என்ற கேள்விகளுக்கு ஊகத்தால் விடை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கைக்கு உதவுவது பேட்டரியில் ஓடும் ஒரு வானொலிப் பெட்டி. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்பதை, பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த நம் கரையை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஸ்கேனர் பற்றி முதலில் ஒரு வார்த்தை

இணையத்தில் இதைத் தேடுவோருக்கு முதலில் கண்ணில் படுவது அமெரிக்காவில் விற்கப்படும் ஸ்கேனர்கள். பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் துழாவி, எதில் பேச்சு கேட்கிறதோ அதில் நின்றுவிடும் பெட்டி அது. அங்கே தீயணைப்பு, காவல், ஆம்புலன்ஸ் ஆகியவற்றின் மறைக்கப்படாத உரையாடல்களைப் பொதுமக்கள் கேட்பது பரவலான வழக்கம். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஏழு அலைவரிசைகளில் வானிலை அறிக்கை இடைவிடாமல் ஒலிபரப்பாகிறது; அதற்கென்றே அப்பெட்டிகளில் தனிப் பொத்தானும் உண்டு. நம் நாட்டில் அத்தகைய ஒலிபரப்பு கிடையாது என்பதால், அந்தப் பொத்தானை நம்பிப் பணம் கொடுப்பது வீண்.

இதைவிட முக்கியமானது சட்டம். காவல்துறையின் உரையாடலையோ வேறு எவருடைய தனிச்செய்தியையோ அனுமதியின்றி இடைமறித்துக் கேட்பது நம் நாட்டில் குற்றம். 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு மூன்றாண்டு வரை சிறையும், இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. உரிய அனுமதியோ விலக்கோ இல்லாமல் வானலைக் கருவி வைத்திருப்பதற்கும் அச்சட்டத்தில் தண்டனை உண்டு. நம்முடையது எல்லைக் கடலை ஒட்டிய கரை. வேறு ஊரில் பொழுதுபோக்காகக் கருதப்படும் கருவி இங்கே விசாரணைக்குரிய பொருளாகிவிடும். ஆகவே ஸ்கேனர் வாங்க விரும்புபவர், முதலில் அமெச்சூர் வானொலி (ஹாம் எனப்படும் தனிநபர் வானொலித் தொடர்பு) உரிமம் பெறட்டும். கணினியில் செருகி அதையே வானொலி வாங்கியாக்கும் எஸ்.டி.ஆர். வில்லைகளுக்கும் இதையே நான் சொல்வேன். வாக்கிடாக்கி போன்று பேசவும் வல்ல கருவி எதுவாயினும், இணையக் கடை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், உரிமமில்லாமல் வீட்டில் வைக்க வேண்டாம்.

அப்படியானால் சாதாரணக் குடும்பத்துக்கு என்ன வழி? உண்மையில், ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படும் அவசரச் செய்திகளில் மிகப் பெரும்பகுதி திறந்த ஒலிபரப்பிலேயே வருகிறது. கேட்கத் தெரிந்திருப்பதே இதில் பாதி வேலை.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

பண்பலை (எஃப்.எம்.) மட்டும் உள்ள சிறு பெட்டியை வாங்காதீர்கள். மத்திய அலை (மீடியம் வேவ்; பெட்டியில் MW அல்லது AM) கட்டாயம் இருக்க வேண்டும். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. பக்கத்துக் கோபுரம் சாய்ந்துவிட்டால் அதோடு அந்த நிலையம் முடிந்தது. மத்திய அலை நிலத்தையும் நீரையும் ஒட்டிப் படர்ந்து வருவது. அதிலும் உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், நிலத்தைக் காட்டிலும் கடலின் மீது அது வெகுதூரம் வலுக்குறையாமல் பயணம் செய்யும். தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பி 200 கிலோவாட் ஆற்றல் கொண்டது. மன்னார் வளைகுடாவின் நீர்ப்பரப்பைத் தாண்டி அது கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் வந்துசேரும் வழி பெரும்பாலும் கடல் வழியே என்பதால், இடையில் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவு இருப்பினும் நம் கரைக்கு அது உற்ற துணை. உங்கள் பெட்டியில் முதலில் பிடிக்க வேண்டிய நிலையம் இதுவே.

இங்கே வெளிநாட்டிலிருந்து பெட்டி தருவிப்பவர்கள் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. இந்தியாவில் 9 கிலோஹெர்ட்ஸ். பத்துப் பத்தாக நகரும் எண்முறைப் பெட்டி 1050இல் நிற்கும், பிறகு 1060க்குத் தாவும். 1053 அதில் அகப்படாது. நல்ல பெட்டிகளில் இந்த இடைவெளியை மாற்றும் வசதி இருக்கும். கடையிலேயே 1053 என்ற எண்ணைத் திரையில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். முள் நகரும் பழைய பாணிப் பெட்டியில் இந்தத் தொல்லையே இல்லை. முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நான் அந்தப் பெட்டியையே பரிந்துரைப்பேன்.

அடுத்தது பேட்டரி. உள்ளேயே அடைத்து வைத்த, மின்னேற்றம் செய்ய வேண்டிய பேட்டரி மட்டும் உள்ள பெட்டி, மூன்றாம் நாள் இரவில் கைவிட்டுவிடும். பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியோ பெரிய பேட்டரியோ போட்டு ஓட்டக்கூடியதாக இருக்கட்டும். மின்னேற்றமும் செய்யலாம், தேவையானால் பேட்டரியும் போடலாம் என்று இரண்டுக்கும் இடம் தரும் பெட்டி இன்னும் நல்லது. புயல் காலத்தில் பெட்டியை நாள் முழுவதும் பாடவிடாமல், செய்தி நேரங்களில் மட்டும் இயர்போனில் கேட்டால் ஒரு ஜோடி பேட்டரி பல நாள் வரும்.

பண்பலையும் தேவைதான். பாம்பனில் மீனவர்களுக்காகவே இயங்கும் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. காற்று, அலை, மீன்பிடி நிலவரம் ஆகியவை நம் பேச்சுவழக்கிலேயே வரும் நிலையம் அது. சமுதாய வானொலிகளுக்கு அனுமதிக்கப்படும் ஆற்றல் குறைவு என்பதால், பாம்பன் தீவையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டி அதை எதிர்பார்க்க வேண்டாம். நம் கரையில் பண்பலையைத் திருப்பினால் இலங்கைத் தமிழ் நிலையங்கள் உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்பது அனைவரும் அறிந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர் அளவே தூரம். வெப்பமான நாட்களில் கடலின் மேலுள்ள காற்றடுக்குகள் அலையை வளைத்து இன்னும் தொலைவுக்கு இழுத்துச் செல்கின்றன. இதில் ஓர் எச்சரிக்கை தேவை: அங்கே சொல்லப்படும் கடல் எச்சரிக்கை அவர்களுடைய கரைக்கும் கடலுக்கும் உரியது. "வடக்குக் கடற்பகுதி" என்று அவர்கள் சொல்வதும் நாம் சொல்வதும் வெவ்வேறு நீர். அறிவிப்பவர் எந்த நிலையம் என்று உறுதியாகத் தெரியும் வரை செய்தியைப் பிறருக்குச் சொல்ல வேண்டாம்.

கூடுதலாகச் செலவழிக்கக் கூடியவர்கள் சிற்றலையும், எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப் பட்டையில் வரும் பேச்சைப் பிரித்துக் கேட்கும்) வசதியும் கொண்ட பெட்டியை வாங்கலாம். அமெச்சூர் வானொலியர்கள் பேரிடர்க் காலங்களில் 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில், கீழ்ப்பக்கப் பட்டையில் (பெட்டியில் LSB) கூடிப் பேசுவார்கள்; பகல் நேரத்தில் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஏற்ற அலை அது. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, தற்செயலாகப் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த அமெச்சூர் குழுவினரின் கருவிகளே பல குடும்பங்களுக்கு உறவினரைப் பற்றிய செய்தியைக் கொண்டுசேர்த்தன. எஸ்.எஸ்.பி. இல்லாத பெட்டியில் இந்தப் பேச்சு வாத்து கத்துவது போலத்தான் கேட்கும், சொல் புரியாது.

ஏரியலும் இரைச்சலும்

மத்திய அலைக்குப் பெட்டியின் மேலே நீட்டும் கம்பி பயன்படாது. அதற்கான ஏரியல் உள்ளே கிடைமட்டமாக வைக்கப்பட்டிருக்கும் கரிய ஃபெரைட் தண்டு. நிலையம் இருக்கும் திசைக்குத் தண்டின் பக்கவாட்டு முகம் திரும்பியிருக்கும்போது ஒலி உச்சத்தில் இருக்கும். நுனி திரும்பினால் மங்கிவிடும். எனவே பெட்டியை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நம் கரையிலிருந்து தூத்துக்குடி தென்மேற்கில் இருப்பதால், பெட்டியின் முகமோ முதுகோ தென்மேற்கு நோக்கும்போது ஒலி தெளியும். இரவில் தொலைதூர நிலையங்கள் வானத்தில் எதிரொலித்து வந்து மேலே விழும்போது, இதே முறையில் அவற்றை மங்கச் செய்யலாம்.

கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். எல்.இ.டி. விளக்கு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகிய மூன்றும் மத்திய அலையைக் கெடுப்பவை. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். மின்சாரம் நின்ற இரவில் வானொலி வழக்கத்தைவிடத் துல்லியமாகக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

அமெச்சூர் உரிமம் பெற்று வி.எச்.எப். (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள்) கேட்க முனைபவர்கள், ஏரியலை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 7500 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்து, விடையில் நூற்றுக்கு ஐந்து குறைத்தால், கால் அலைநீளக் கம்பியின் அளவு சென்டிமீட்டரில் கிடைக்கும். கடல் அலைவரிசைகளின் நடுநாயகமான 156.8 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். ஒரு கம்பி செங்குத்தாக மேலே. அதே நீளத்தில் நான்கு கம்பிகள் குடைக்கம்பி போலக் கீழ்நோக்கிச் சரிந்து நிற்க வேண்டும். நடுக்கம்பியில் கேபிளின் உள்சரடும், நான்கு கம்பிகளில் வெளிப்பின்னலும் இணையும். கேட்பதற்கு மட்டும் என்றால் கேபிள் டிவிக்குப் பயன்படும் கேபிளே போதுமானது.

உயரத்தின் மதிப்பை ஒரு கணக்கால் சொல்லலாம். உங்கள் ஏரியலின் உயரத்துக்கும் படகின் ஏரியல் உயரத்துக்கும் மீட்டரில் வர்க்கமூலம் கண்டு, இரண்டையும் கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் எட்டும் தூரம் வரும். மாடியில் 9 மீட்டர் உயரத்தில் ஏரியலும், படகில் 4 மீட்டர் உயரத்தில் ஏரியலும் இருந்தால் மூன்றும் இரண்டும் ஐந்து, ஐந்தை 4.12 ஆல் பெருக்க, இருபது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். அவ்வளவுதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த படகுகளைக் கரையிலிருந்து குரலால் எட்ட முடியாமற்போனதன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. விசைப்படகுகளில் செயற்கைக்கோள் வழியே செய்தி தரும் கருவியைப் பொருத்தச் சொல்வது அதனால்தான். உங்கள் வீட்டுப் படகில் அக்கருவி இருந்தால், அதன் செய்தி கரையில் யாரிடம் வந்துசேர்கிறது என்பதை வீட்டில் உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

இடி மின்னல் தொடங்கும் முன்பே வெளி ஏரியலின் கேபிளைக் கழற்றிச் சன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. ஐப்பசி மழையின் தொடக்கத்திலும் சித்திரைக் கோடையிலும் இதில் அலட்சியம் கூடவே கூடாது.

உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. சேராங்கோட்டையிலும் குந்துகாலிலும் மூக்கையூரிலும் கடலுக்கு முகம் காட்டி நிற்கும் வீடுகளில், பேட்டரி முனைகளில் ஓராண்டுக்குள் பச்சை பூத்துவிடும். ஏரியல் இணைப்புகளைச் சுற்றி ரப்பர் நாடாவை இறுக்கிச் சுற்றுங்கள். பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, பெட்டியை மூடி இறுகும் டப்பாவில், சிலிக்கா பொட்டலத்துடன் வையுங்கள். முனைகளில் பச்சை கண்டால் வினிகர் தொட்ட துணியால் துடைத்து, நன்கு உலர்த்தி, வாசலின் மெலிதாகத் தடவினால் போதும்.

கேட்கும் முறை

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிவிப்புகள் நான்கு நிலைகளில் வருகின்றன. ஏறத்தாழ 72 மணி நேரம் முன்பு முன்கவனிப்பு, 48 மணி நேரம் முன்பு உஷார் அறிவிப்பு, 24 மணி நேரம் முன்பு எச்சரிக்கை, 12 மணி நேரம் முன்பு கரை கடந்த பின் என்ன ஆகும் என்ற முன்னோக்கு. மணிக்கு 62 கிலோமீட்டர் காற்று வேகத்தில் புயல் என்ற பெயர் தொடங்குகிறது. 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல். பாம்பனில் ஏற்றப்படும் கூண்டு எண்ணையும் இதனுடன் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்றும் இரண்டும் தொலைவில் உருவானதைக் குறிப்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே உரியவை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று என்பது வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்பதன் அடையாளம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடி அழிந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தப் பதினொன்றின் பொருளை விளக்கத் தேவையில்லை.

பெட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் எப்போதும் இருக்கட்டும். அறிவிப்பைக் கேட்டவுடன் ஐந்து செய்திகளை எழுதுங்கள்: கேட்ட நேரம், எந்த நிலையம், அறிவிப்பு எந்த நேரத்து நிலவரம், புயலின் இடமும் நகரும் திசையும், எந்தக் கரைகளுக்கு எச்சரிக்கை. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு வாசிக்கப்படும் அறிக்கை மாலை நிலவரமாக இருக்கலாம். அதைப் புதிய செய்தி என்று நினைத்துப் பக்கத்து வீட்டில் சொல்லும்போதுதான் வதந்தி பிறக்கிறது.

கடல் அலைவரிசை கேட்க உரிமை உள்ளவர்களுக்கும், மீனவர் சங்கத்தின் உரிமம் பெற்ற கரைக் கருவியருகில் இருப்பவர்களுக்கும் இனி வருவது பயன்படும். 16ஆம் சேனல், அதாவது 156.800 மெகாஹெர்ட்ஸ், உலகெங்கும் அபாய அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. 70ஆம் சேனல் எண்முறை அழைப்புக்கானது. அதில் குரல் வராது. கருவியில் 16க்கு முன்னுரிமை கொடுத்து வையுங்கள். வேறு சேனலில் நின்றாலும் சில நொடிக்கு ஒருமுறை அது 16ஐத் திரும்பிப் பார்க்கும். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை, இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் திருப்பி, அதற்குமேல் ஒரு மயிரிழையும் திருப்பாதீர்கள். அதிகமாகத் திருப்பினால் தொலைவிலுள்ள மெல்லிய குரல் இரைச்சலோடு சேர்ந்து அடைபட்டுவிடும்; நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த மெல்லிய குரல்தான்.

"மேடே" என்று மூன்று முறை கேட்டால் உயிருக்கு ஆபத்து. "பான் பான்" என்பது அவசரம். "செக்யூரிதே" என்பது கடற்பயணப் பாதுகாப்பு அல்லது வானிலை எச்சரிக்கை. மேடே கேட்டவுடன் கை பேனாவுக்குப் போக வேண்டும். படகின் பெயர், இருக்குமிடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் ஆகியவற்றைக் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். இடத்தைச் சொல்லும் எண்களை ஒரு முறை சரிபார்க்க எளிய வழி உண்டு: நம் கரையையொட்டிய நீரில் வட அகலாங்கு பெரும்பாலும் 9 பாகையில் தொடங்கும், கிழக்கு நெட்டாங்கு 78 அல்லது 79 பாகையில். வேறு எண் எழுதியிருந்தால் தவறாகக் கேட்டிருக்கலாம். கடலோரக் காவல்படை பதில் சொல்லுகிறதா என்று அமைதியாகக் கேளுங்கள். பதில் வந்தால் நம் வேலை எழுதுவது மட்டுமே. பதில் வரவில்லையென்றால் உடனே 1554 என்ற கட்டணமில்லா எண்ணில் கடலோரக் காவல்படையையோ, 1093 என்ற எண்ணில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தையோ அழைத்து, எழுதியதை எழுதியபடியே வாசியுங்கள். கேட்காததை ஊகித்து நிரப்ப வேண்டாம்.

அந்தப் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். இதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன். மீட்பு முடியும் முன்னே படகின் பெயர் ஊருக்குள் பரவினால், அந்த வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும். பிறகு படகு பத்திரமாகக் கரை திரும்பினாலும் அந்தத் தாய் பட்ட பாட்டை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

நிலத்தில் உதவி வேண்டுமானால் 112. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070.

ஒத்திகையைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். ஒரு மாலை வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து, கைபேசியையும் அணைத்து, பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு செய்தி கேட்டுப் பாருங்கள். மாநிலச் செய்தி எந்த நேரத்தில் வருகிறது, எந்தச் சன்னலருகில் 1053 தெளிவாகக் கேட்கிறது, பேட்டரி மூடி இருட்டில் கைக்கு அகப்படுகிறதா என்பதெல்லாம் அப்போது தெரியும். கடலுக்குப் போகிறவருக்கு இது தெரிந்திருந்து பயனில்லை. புயலன்று அவர் படகைக் காக்கத் துறைமுகத்தில் நிற்பார். வீட்டில் இருக்கும் அம்மாவும் அப்பத்தாவும் பள்ளிக்கூடப் பிள்ளையும் பெட்டியைத் தாங்களே இயக்கிப் பழக வேண்டும். பெட்டியின் முதுகில் வெள்ளை பிளாஸ்திரியை ஒட்டி, அதில் 1053, 90.4, 1077, 1554 என்ற எண்களைப் பெரிதாக, தண்ணீரில் அழியாத மையால் எழுதி வையுங்கள். முள் பெட்டியாக இருந்தால், 1053 நிற்கும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி இடுங்கள்.